காரை இறக்கணும், இடுப்பு ஒடியக்கூடாது: வீக்கெண்ட் எம்எக்ஸ்-5 ஓட்டுறவங்களுக்கு முழு வழிகாட்டி

என் கிட்ட இருக்கறது 2001 மாஸ்டா எம்எக்ஸ்-5, ரெண்டு சீட்டு ஓபன் டாப் ஸ்போர்ட்ஸ் கார், 1.8 லிட்டர், இங்க இங்கிலாந்துல இந்த மாடலை மார்க் 2.5னு சொல்லுவாங்க. வாரத்துல அஞ்சு நாள் மூடி போட்டு நிக்கும், சனி ஞாயிறு மழை இல்லன்னா வெளிய வரும். கம்பெனி செட்டிங்ல இந்த காரை பாத்தீங்கன்னா சக்கரத்துக்கும் அதுக்கு மேல இருக்கற பாடி வளைவுக்கும் (ஆர்ச்) நடுவுல ஒரு சொம்பே வைக்கலாம் போல இடைவெளி இருக்கும், அது கண்ணை உறுத்திக்கிட்டே இருந்துச்சு, அதனால ஆறு வருஷம் முன்னாடி ஒரு ஞாயித்துக்கிழமை கார் நிக்கற உயரத்தை 40 மிமீ இறக்குற செகண்ட் ஹேண்ட் ஸ்பிரிங் நாலு வாங்கி பழைய ஷாக் (ஷாக் அப்சார்பர், ஸ்பிரிங்கோட துள்ளலை அடக்குற குழாய்) மேலயே மாட்டிட்டேன். பாக்க சூப்பரா இருந்துச்சு. தெருமுனை ஸ்பீட் பிரேக்கர்ல 15 மைல் வேகத்துல ஏறினப்ப "டங்"னு ஒரு அடி, என் பல்லு ஒண்ணோட ஒண்ணு மோதுச்சு, பக்கத்துல இருந்த வீட்டம்மா "அடுத்த வாரம் நான் ட்ரெயின்ல வரேங்க"ன்னுட்டாங்க.

அதுக்கப்புறம் மூணு தடவை கழட்டி மாட்டி, நிறைய காசு விட்டு, இப்ப 25 மிமீ இறங்கி, புதுசுல இருந்ததை விட நல்லாவே ஓடுற ஒரு நிலைமைக்கு வந்திருக்கு. நான் தலைகீழா பண்ணதை நீங்க நேரா பண்றதுக்குதான் இது. கணக்கெல்லாம் என் காரை வச்சு சொல்றேன், உங்க கார் வேறயா இருந்தா எண்ணுதான் மாறும், வேலை அதேதான்.

முதல்ல, ரைடு ஏன் கெடுதுன்னு புரிஞ்சுக்கோங்க

எல்லாரும் நெனைக்கிறது ஸ்பிரிங் கெட்டியானதால தூக்கிப் போடுதுன்னு. கொஞ்சம் உண்மைதான், ஆனா பெரிய குற்றவாளி அது இல்ல. ஷாக் ராடுல மேல ஒரு ரப்பரோ ஃபோமோ கட்டை மாதிரி இருக்கும் பாருங்க, பம்ப் ஸ்டாப், அதுலதான் எல்லா வினையும். சக்கரம் ஒரு மேட்டுல ஏறும்போது ஸ்பிரிங் அமுங்கி அந்த அடியை வாங்கணும், அமுங்க இடம் இல்லன்னா பம்ப் ஸ்டாப்ல போய் முட்டும், அந்த நொடியில உங்க ஸ்பிரிங் எவ்வளவு மென்மைன்னாலும் பிரயோஜனம் இல்ல, பாடியை நேரா சக்கரத்து மேல வச்ச மாதிரிதான்.

என் காருல கம்பெனி உயரத்துல நிக்கும்போது முன்பக்கம் ஷாக் பாடிக்கும் பம்ப் ஸ்டாப்புக்கும் நடுவுல 38 மிமீ இருந்துச்சு. சக்கரம் 10 மிமீ ஏறினா ஷாக் 7 மிமீதான் உள்ள போகும், அதனால சக்கரக் கணக்குல 54 மிமீ. அதுல 40 மிமீ இறக்கிட்டா மிச்சம் 14. ஒரு சாதாரண பள்ளத்துக்கே அது பத்தாது, நான் நாள் முழுக்க பம்ப் ஸ்டாப் மேல உக்காந்து ஓட்டியிருக்கேன், அதை ஸ்பிரிங்னு நெனைச்சுக்கிட்டு!

இன்னொரு கணக்கும் இருக்கு, கொஞ்சம் பயமுறுத்துற கணக்கு. ஸ்பிரிங் வாங்குற ஆற்றல் அமுங்குற தூரத்தோட வர்க்கத்துல ஏறும். அதனால அமுங்குற இடத்தை பாதியாக்கிட்டு அதே மேட்டை பம்ப் ஸ்டாப்ல முட்டாம வாங்கணும்னா ஸ்பிரிங் நாலு மடங்கு கெட்டியா இருக்கணும். ரெண்டு மடங்கு இல்லங்க, நாலு. ரொம்ப இறக்கின கார் எல்லாம் ஏன் கட்டை வண்டி மாதிரி ஆகுதுன்னா இதான் காரணம். ஸோ நம்ம வேலை என்னன்னா, இறக்குறதுல போற டிராவலை, அதாவது ஸ்பிரிங் அமுங்குற இடத்தை, வேற எங்கயாவது இருந்து திருப்பி சம்பாதிக்கிறது.

படி 1: துருவும் போல்ட்டும்

பார்ட்ஸ் ஆர்டர் பண்றதுக்கு முன்னாடி காருக்கு அடியில படுங்க. இங்க குளிர்காலத்துல ரோட்டுல உப்பு போடுவாங்க, மார்க் 2 எம்எக்ஸ்-5க்கு ரெண்டு இடத்துல எமன்: பின் சக்கரத்துக்கு முன்னாடி இருக்கற சில் (கதவுக்கு அடியில போற தகடு), அப்புறம் முன்பக்க சேசிஸ் ரெயில் (காரைத் தாங்குற நீளச் சட்டம்). ரெயில் ரெண்டு அடுக்கு தகடு, நடுவுல தண்ணி நின்னு உள்ளருந்து அரிக்கும், வெளிய பெயிண்ட் பளபளன்னு இருக்கும். ஸ்க்ரூடிரைவர் பிடியால தட்டிப் பாருங்க, "டக் டக்"னு கெட்டியா கேட்டா சரி, "பொத்"துன்னு கேட்டா சஸ்பென்ஷன் காசை வெல்டருக்கு எடுத்து வைங்க.

அடுத்து அலைன்மெண்ட் போல்ட். சக்கரத்தை பாடியோட இணைக்கிற கீழ் ஆர்ம் பாடியோட சேர்ற இடத்துல முட்டை வடிவ வாஷரோட இருக்குமே, அந்த கேம் போல்ட்தான் முன்னாடி கேம்பர் (சக்கரம் உள்ளயோ வெளியவோ சாயற கோணம்), காஸ்டர் (ஸ்டீயரிங் அச்சு பின்னால சாயற கோணம்), பின்னாடி கேம்பர், டோ (சக்கரம் நேரா பாக்காம உள்ளயோ வெளியவோ திரும்பி நிக்கற அளவு) மாத்த உதவுறது, நாலு சக்கரத்துக்கும் இருக்கு, இந்த காரோட பெரிய வரமே அதான். ஆனா 20 வருஷ உப்புல போல்ட் புஷ்ஷோட (ஆர்ம் முனையில இருக்கற ரப்பர் வளையம்) உள் குழாய்க்குள்ள ஒட்டி ஒண்ணாயிடும். நான் இதை பாக்கவே இல்ல. எல்லாம் மாட்டி முடிச்சு அலைன்மெண்ட்டுக்கு போனா, கடைக்காரர் ஸ்பேனர் வச்சு ரெண்டு தடவை தள்ளிப் பாத்துட்டு முன் டோ மட்டும் சரி பண்ணி முழு காசையும் வாங்கிக்கிட்டு அனுப்பிட்டார், மூணு மாசத்துல பின் டயர் உள்பக்கம் வழுக்கை.

அதனால வேலைக்கு ரெண்டு வாரம் முன்னாடியே தெனமும் ராத்திரி ஒவ்வொரு போல்ட்லயும் பிளஸ் காஸ்ங்கற துரு இளக்குற எண்ணெயை அடிச்சு விடுங்க, WD-40 அடிச்சுட்டு வேலை செய்யலன்னு என்னை திட்டாதீங்க. வாஷர் இருந்த இடத்தை பெயிண்ட் மார்க்கர்ல கோடு போட்டுட்டு லேசா திருகிப் பாருங்க. நட்டு மட்டும் சுத்தி போல்ட் சுத்தலன்னா அறுத்துத்தான் எடுக்கணும், புது போல்ட்டும் புது புஷ்ஷும் லிஸ்ட்ல சேத்துக்கோங்க.

படி 2: அளக்காம ஒரு ஸ்பேனரைக் கூட எடுக்காதீங்க

சம தரையில நிறுத்தி, டயர் காத்து சரி பாத்து, பெட்ரோல் பாதி டேங்க். தரையில இருந்து ஆர்ச் வரைக்கும் அளக்காதீங்க, டயர் மாறினா அந்த அளவு பொய்யாயிடும். சக்கரத்தோட நடு மையத்துல இருந்து நேர் மேல ஆர்ச் உதடு வரைக்கும் அளங்க. என்னுது ஆரம்பத்துல முன்னாடி 355, பின்னாடி 360. நாலு மூலையும் எழுதி ஃபோட்டோ எடுத்து வச்சுக்கோங்க.

அப்புறம் நான் ரொம்ப நேசிக்கிற ஒரு வேலை, செலவு பத்து பைசா. ஷாக்கோட தூசி உறையை மேல தூக்கிட்டு, பளபளன்னு இருக்கற ராடுல ஒரு சின்ன கேபிள் டையை கட்டி, வாலை நறுக்கிட்டு, ஷாக் பாடியை தொடுற வரைக்கும் கீழ தள்ளி விட்டுடுங்க. நீங்க வழக்கமா போற ரோட்டுல ஒரு ரவுண்டு போயிட்டு வந்து பாருங்க. ஷாக் எவ்வளவு உள்ள போச்சோ அவ்வளவு தூரம் அந்த டை மேல ஏறி நிக்கும், பொய்யே சொல்லாது. என்னோட 40 மிமீ காலத்துல ஒரே ஒரு ரவுண்டுல டை பம்ப் ஸ்டாப்போட அடிவயித்துல போய் புதைஞ்சு கெடந்துச்சு, ஃபோமுல அந்த டையோட தடம் அப்படியே அச்சு குத்தின மாதிரி. பல் டாக்டர் எக்ஸ்ரே காட்டுற மாதிரி இருந்துச்சு எனக்கு.

இதுல இருந்து ரெண்டு எண்ணு எடுக்கணும். நிக்கும்போது பம்ப் ஸ்டாப் வரைக்கும் எவ்வளவு இடம், ஓட்டும்போது எவ்வளவு செலவாகுது.

படி 3: எவ்வளவு இறக்கலாம்

என் அபிப்பிராயம் 20ல இருந்து 25 மிமீ, 30க்கு மேல போனா வீக்கெண்ட் காருங்கற வார்த்தையை மறந்துடுங்க. 25 இறக்கினாலே அந்த இடைவெளி போயி கார் குந்தின மாதிரி அழகா உக்காரும், பக்கத்து வீட்டுக்காரர் வித்தியாசத்தை கண்டுபிடிச்சுடுவார், உங்க முதுகு கண்டுபிடிக்காது.

இன்னொரு எல்லை ரோடு போடுறது. இங்கிலாந்து, வேல்ஸ்ல 1999 ரோடு ஹம்ப் விதிப்படி ஸ்பீட் ஹம்ப் 25ல இருந்து 100 மிமீ உயரம் வரைக்கும் இருக்கலாம். அதனால உங்க கார்ல ரொம்ப தாழ்வான இடம், எம்எக்ஸ்-5ல பெரும்பாலும் எக்ஸாஸ்ட் ஃபிளாஞ்சு பக்கம், 100 மிமீக்கு கீழ போனா சட்டப்படி போட்ட மேடே உங்களை சுரண்டும். ஆள் ரெண்டு பேர் உக்காந்து, பூட்ல சாமான் வச்சு அளங்க, காலி காரை அளந்துட்டு சந்தோஷப்படாதீங்க.

முன்னாடி எவ்வளவு இறக்குறீங்களோ அதே அளவு பின்னாடியும் இறக்குங்க. பின்பக்கம் முன்பக்கத்தை விட 5ல இருந்து 10 மிமீ உயரமா நிக்கட்டும், பூட்டுல ரெண்டு பை வச்சா தானா சமமாயிடும். பின்னாடி தொங்கின எம்எக்ஸ்-5 பாத்திருக்கீங்களா, செங்கல் லாரி மாதிரி இருக்கும்.

படி 4: பார்ட்ஸ்

இங்கதான் காசும் போகும், தப்பும் நடக்கும், அதனால கொஞ்சம் நேரம் எடுத்து பேசுவோம்.

*ஸ்பிரிங்.* கெட்டித்தனத்தை கிலோ பர் மில்லிமீட்டர்ல சொல்லுவாங்க, 5 கிலோன்னா 5 கிலோ எடை வச்சா 1 மிமீ அமுங்கும். ஆனா உங்க உடம்புக்கு தெரியறது ஸ்பிரிங்கோட எண்ணு இல்ல, கார் ஒரு நொடிக்கு எத்தனை தடவை மேல கீழ ஆடுதுங்கற எண்ணு. கணக்கு போட்டுக் காட்டுறேன், பயப்படாதீங்க. முன்னாடி 5 கிலோ ஸ்பிரிங்னா 49 நியூட்டன் பர் மிமீ. சக்கரம் 10 போனா ஷாக் 7 போகுதுல்ல, அந்த 0.7ஐ வர்க்கம் பண்ணா 0.49, பெருக்கினா சக்கரத்துல கிட்டத்தட்ட 24, அதாவது மீட்டருக்கு 24,000 நியூட்டன். என் முன் மூலையில சக்கரம், பிரேக் எடையை கழிச்சு ஸ்பிரிங் தாங்குற எடை சுமார் 240 கிலோ. 24,000ஐ 240ஆல வகுத்தா 100, வர்க்கமூலம் 10, அதை 6.28ஆல வகுத்தா 1.6 ஹெர்ட்ஸ்.

இப்ப ஒப்பிடுங்க. குடும்ப கார் எல்லாம் 1ல இருந்து 1.3 ஹெர்ட்ஸ்ல மிதக்கும், ஸ்போர்ட்ஸ் கார் 1.5, 1.7ல இருந்தா ரோடு தெரியும் ஆனா உறுத்தாது, 2க்கு மேல போனா டிராக் கார். என் பழைய கணக்குலயே 3 கிலோ ஸ்பிரிங்னா 1.2 வருது, விலை மலிவான கிட்ல முன்னாடி 8 பின்னாடி 6 கிலோ போட்டு அனுப்புறாங்களே, அது 2ஐ தொட்டுடும். பாட்டி வீட்டுக்கு போற ரோட்டுல அது எதுக்கு?

பின்பக்கம் எவ்வளவுன்னா, 1930கள்ல ஜெனரல் மோட்டார்ஸ்ல இருந்த மாரிஸ் ஓலின்னு ஒரு எஞ்சினியர் கண்டுபிடிச்ச விஷயம் ஒண்ணு இருக்கு. மேட்டுல முதல்ல முன் சக்கரம் ஏறும், கொஞ்ச நேரம் கழிச்சு பின் சக்கரம், அதனால பின்பக்கம் கொஞ்சம் வேகமா ஆடினா முன்பக்கத்தை பிடிச்சுடும், ரெண்டும் சேந்து ஏறி இறங்கி கார் மட்டமா இருக்கும். இல்லன்னா ஊஞ்சல் மாதிரி முன்னும் பின்னும் தலையாட்டும், அதுலதான் பக்கத்துல உக்காந்திருக்கறவங்களுக்கு குமட்டும். அந்த கணக்குப்படி எனக்கு பின்னாடி 4.5 கிலோ வரணும். ஆனா இது பின் சக்கர டிரைவ், இந்த ஊர் மழையில பின்பக்கம் ரொம்ப கெட்டியா இருந்தா ரவுண்டானாவுல சுத்தி விட்டுடும், அதனால 4ல நிறுத்திட்டேன். 1.56 ஹெர்ட்ஸ் வருது, முன்பக்கத்துக்கு கிட்டத்தட்ட சமம், தலையாட்டல் போயிடுச்சு.

*ஷாக்.* ஸ்பிரிங் மட்டும் மாத்துறது பாதி கல்யாணம். பழைய ஷாக் தேஞ்சிருக்கும், கெட்டி ஸ்பிரிங்கோட துள்ளலை அடக்க அதால முடியாது. பில்ஸ்டீன்ல பி6, பி8னு ரெண்டு இருக்கும், பி6 கம்பெனி உயரத்துக்கு, பி8 இறக்கின காருக்காக நீளம் குறைச்சது, இறக்குற ஸ்பிரிங்கோட பி8 வாங்கணும், நெறைய பேர் மாத்தி வாங்கிடுறாங்க. கோனியோட மஞ்ச ஷாக்ல ரீபவுண்டை மட்டும் கூட்டிக் குறைக்கலாம், அதாவது ஸ்பிரிங் திரும்ப விரியற வேகத்தை, அமுங்குற பக்கம் அதுவா இருக்கறதுதான்.

காயில்ஓவர் (ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒண்ணா வர்ற, உயரம் மாத்தக்கூடிய செட்) வாங்குறீங்கன்னா ஒரே ஒரு கேள்வி கேளுங்க: உயரத்தை ஸ்பிரிங் தட்டை இறக்கி மாத்துறதா, இல்ல ஷாக்கோட அடிப்பாகத்தை தனியா திருகி நீளத்தையே மாத்துறதா? தட்டை இறக்கினா ராடு அந்த அளவுக்கு உள்ள போயிடும், பம்ப் டிராவல் காலி. அடிப்பாகத்தை திருகினா ராடு இருந்த இடத்துலயே இருக்கும், மொத்த ஷாக்கும் குட்டையாகும், டிராவல் போகாது. டயர் மேல எங்கயும் இடிக்காம இருக்கணும், அதை மட்டும் பாத்துக்கோங்க. ரெண்டாவது வகைக்கு கொஞ்சம் கூட காசு குடுக்கலாம், தப்பே இல்ல.

"பிரீலோடு ஏத்தினா, அதாவது ஸ்பிரிங்கை மாட்டும்போதே அமுக்கி வச்சா, ஸ்பிரிங் கெட்டியாகும்"னு யாராவது சொன்னா சிரிச்சுட்டு வந்துடுங்க. ஒரே சீரான ஸ்பிரிங்ல 5 கிலோன்னா எங்க ஆரம்பிச்சாலும் 5தான். நான் கடைசியா காயில்ஓவர் வாங்கும்போது 5க்கும் 4க்கும் ஏத்த வால்விங் (ஷாக்குக்குள்ள எண்ணெய் ஓடுற வால்வை செட் பண்றது) பண்ணித் தர சொல்லி கேட்டு வாங்கினேன். 8 கிலோவுக்கு வால்வ் பண்ண ஷாக்ல 5 கிலோ ஸ்பிரிங் மாட்டினா ஷாக் ஸ்பிரிங்கை விரியவே விடாது, அது ஒரு தனி சித்ரவதை.

*பம்ப் ஸ்டாப்.* மொத்த வேலையிலயும் கம்மி காசுக்கு நிறைய சுகம் குடுக்கறது இது. கெட்டி ரப்பரை தூக்கிட்டு, குட்டையான, நுரை மாதிரி இருக்கற பாலியூரித்தேன் வகை போடுங்க, அது முட்டின உடனே அடிக்காம கொஞ்சம் கொஞ்சமா இறுகும், ரெண்டாவது ஸ்பிரிங் மாதிரி வேலை செய்யும். எனக்கு இதுல மட்டும் ராடுல 12 மிமீ மிச்சமாச்சு, சக்கரத்துல 17. ஸோ 54ல 25 போயி 29, அதோட 17 சேத்து 46. இறக்குறதுக்கு முன்னாடி இருந்ததுல 8 மிமீதான் கம்மி, ஸ்பிரிங்கும் கொஞ்சம் கெட்டி, இப்ப கேபிள் டை தினசரி ரோட்டுல பம்ப் ஸ்டாப் பக்கமே போறதில்ல.

பழைய ஸ்டாப்பை கத்தியால பாதி வெட்டி போடுற பழக்கம் ஒண்ணு இருக்கு. வெட்டலாம், ஆனா முழுசா எடுத்துடாதீங்க, ஷாக்குக்குள்ள பிஸ்டன் அடியில போய் இடிச்சா ஷாக்குக்கு அன்னிக்கே காரியம்.

மார்க் 1 வச்சிருக்கறவங்களுக்கு ஒரு தகவல், மார்க் 2வோட மேல் மவுண்ட்டை (ஷாக்கோட மேல் முனையை பாடியில மாட்டுற பாகம்) உங்க காருல மாட்டினா கூடுதலா டிராவல் கிடைக்கும், ரொம்ப பழைய வித்தை, இன்னிக்கும் நல்ல வித்தை.

படி 5: கழட்டி மாட்டுறது

முன்னாடி தூக்க கிராஸ்மெம்பர் (குறுக்குச் சட்டம்) நடு, பின்னாடி தூக்க டிஃப் (பின் சக்கரங்களுக்கு நடுவுல இருக்கற டிஃபரன்ஷியல் பெட்டி). தூக்கினதும் ஸ்டாண்ட்ல உக்கார வைங்க, ஜாக்கை நம்பி அடியில போகாதீங்க, இதுல விளையாட்டே வேண்டாம்.

ரெண்டு பக்கமும் ஆன்டி ரோல் பார் (திருப்பத்துல கார் சாயாம பிடிக்கற கம்பி) லிங்கை முதல்ல கழட்டுங்க, ஒரு பக்கம் மட்டும் கழட்டினா இன்னொரு பக்கம் இழுத்துக்கிட்டே இருக்கும். ஏபிஎஸ் ஒயர், பிரேக் ஹோஸ் பிராக்கெட்டை விடுவிங்க, பிரேக் கேலிப்பரை ஹோஸ்ல தொங்க விடாதீங்க. ஷாக்கோட கீழ் போல்ட், அப்புறம் மேல ரெண்டு நட்டு, பின்பக்க ஷாக்குக்கு அந்த நட்டு பூட்டுக்குள்ள லைனிங்குக்கு பின்னாடி ஒளிஞ்சிருக்கும். முன்னாடி ஷாக்கை வெளிய எடுக்க இடம் பத்தாது, மேல் ஆர்மோட நீள போல்ட்டை உருவணும், இல்லன்னா ஒரு நண்பரை கூப்பிட்டு கீழ் ஆர்மை மிதிக்க சொல்லிட்டு நீங்க ஷாக்கை கோணலா உருவலாம். பிரியாணி வாங்கிக் குடுத்தா மிதிக்க ஆள் வருவாங்க.

பழைய ஸ்பிரிங்கை பிரிக்கறதுக்கு ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கற கம்ப்ரெஸர் ரெண்டையும் எதிரெதிரா மாட்டி, கையால மாறி மாறி கொஞ்சம் கொஞ்சமா இறுக்குங்க. இம்பாக்ட் கன் வச்சு இறுக்காதீங்க. ஸ்பிரிங் எந்த திசையை பாக்குதோ அந்த திசையில உங்க மூஞ்சி இருக்கக்கூடாது. பயமா இருந்தா ஷாக்கை மட்டும் கழட்டி கராஜுக்கு எடுத்துட்டு போங்க, பிரிச்சு மாட்டித் தருவாங்க, அதுல மானம் போறதுக்கு ஒண்ணும் இல்ல.

மாட்டினதும் சக்கரம் தொங்கும்போது ஸ்பிரிங்கை கையால ஆட்டிப் பாருங்க. லொடலொடன்னு ஆடி தட்டுல இருந்து வெளிய வருதுன்னா ஸ்பிரிங் குட்டை, அதை இடத்துல பிடிச்சு வைக்க ஹெல்ப்பர் ஸ்பிரிங் போடணும். எம்ஓடி டெஸ்ட்லயும் (இங்க வருஷா வருஷம் காருக்கு பண்ற சோதனை) இதை பாப்பாங்க.

படி 6: புஷ்ஷை தொங்கும்போது இறுக்காதீங்க

இதை தனி படியா வச்சதுக்கு காரணம் இருக்கு. கராஜ்கள்லயும் இதை சரியா பண்றவங்க கம்மி, நான் ஒரு தடவை காசு குடுத்து வெளிய பண்ண வேலையில இதான் கோட்டை விட்டுப் போச்சு.

ஆர்ம் புஷ்ஷுல ரப்பர் உள் குழாயோடயும் வெளிக் குழாயோடயும் ஒட்டியிருக்கும், அது சுத்தாது, முறுக்கிக்கும். சக்கரம் தொங்கும்போது போல்ட்டை இறுக்கிட்டா, காரை கீழ இறக்கினதும் அந்த ரப்பர் எல்லாம் முறுக்கின நிலைமையிலயே வாழும். எட்டு பத்து புஷ் ஒவ்வொண்ணும் ஒரு குட்டி ஸ்பிரிங்கா மாறி காரை மேல தள்ளும், ரைடு மரக்கட்டை மாதிரி ஆகும், உயரமும் தப்பா காட்டும், ஆறு மாசத்துல ரப்பர் கிழியும்.

அதனால எல்லா பிவோட் போல்ட்டையும் கை இறுக்கத்துல விட்டுட்டு, நாலு சக்கரத்துக்கு அடியிலயும் ரேம்ப் வச்சு, இல்ல கெட்டியான மரக்கட்டை அடுக்கி, கார் அதோட சொந்த எடையில நிக்கணும். முன்னும் பின்னும் கொஞ்சம் உருட்டி, பானட்டை நாலு அமுக்கு அமுக்கி உக்கார வைங்க. அதுக்கப்புறம் அடியில போயி வொர்க்ஷாப் மேனுவல்ல இருக்கற டார்க்குக்கு (இறுக்கற அளவு) இறுக்குங்க. ஸ்பிரிங்கே மாத்தாம பழைய காருல இந்த ஒரு வேலையை மட்டும் பண்ணாலும், எல்லா போல்ட்டையும் தளத்தி திரும்ப இறுக்கினாலும், ரைடு மாறும். நம்புங்க.

சக்கர நட்டு 100 நியூட்டன் மீட்டர், 50 மைல் கழிச்சு மறுபடியும்.

படி 7: உயரம் செட் பண்றது

உடனே ரிசல்ட் பாக்காதீங்க, ஸ்பிரிங் உக்கார ஒரு வாரம் ஆகும். அப்புறம் அதே சம தரை, அதே பாதி டேங்க், டிரைவர் சீட்ல உங்க எடைக்கு அரிசி மூட்டை வைங்க (எனக்கு 10 கிலோ பொன்னி எட்டு மூட்டை ஆச்சு, டயட் இருக்கணும்னு அன்னிக்குதான் தெரிஞ்சுது). என்னுது இப்ப முன்னாடி 330, பின்னாடி 335.

இடது வலது 3, 4 மிமீ வித்தியாசத்துக்கு எல்லாம் தலையை பிச்சுக்காதீங்க, ஆர்ச்சே கம்பெனியில அவ்வளவு துல்லியமா வராது. கார்னர் வெயிட் தராசு (நாலு சக்கரத்து எடையையும் தனித்தனியா காட்டுறது) யார்கிட்டயாவது கிடைச்சா குறுக்கு எடை ரெண்டும் (முன் இடது + பின் வலது, முன் வலது + பின் இடது) 50 சதவீதத்துக்கு பக்கத்துல வர்ற மாதிரி வைங்க. கடைசியா ஆன்டி ரோல் பார் லிங்கை மாட்டும்போது பாரை முறுக்காம போல்ட் தானா ஓட்டைக்குள்ள போகணும், போகலன்னா நீளம் மாத்தக்கூடிய லிங்க் வாங்குங்க.

படி 8: அலைன்மெண்ட்

இறக்கினா கேம்பர் தானா உள்பக்கம் (அதான் மைனஸ்) சாயும், டோவும் நகரும். நாலு சக்கரமும் முழுசா பண்ற கடைக்கு போங்க, அரிசி மூட்டையோட. என் செட்டிங்: முன் கேம்பர் மைனஸ் 1, பின் மைனஸ் 1.5, காஸ்டர் 5 டிகிரி, முன் டோ பூஜ்யம், பின் டோ மொத்தமா 2 மிமீ உள்பக்கம். நெட்ல பாத்துட்டு மைனஸ் 2.5 கேம்பர் வைக்காதீங்க, நேர் ரோட்டுல ஒவ்வொரு தடத்தையும் மோந்து பாத்துக்கிட்டே போகும், டயரும் தேயும்.

படி 9: டயர்

17 இன்ச் வீல் அழகுதான், ஆனா கணக்கை பாருங்க. 195/50 15ல (195 மிமீ அகலம், சுவர் அதுல 50 சதவீதம், 15 இன்ச் வீல்) டயர் சுவர் 97 மிமீக்கு மேல, 205/45 16ல 92, 215/40 17ல 86. அந்த சுவர்தான் உங்க முதல் ஸ்பிரிங். பெரிய வீல் எடையும் கூட, அந்த எடையை எந்த ஷாக்காலயும் மறைக்க முடியாது. நான் 16ல இருந்து 15க்கு இறங்கினேன், வருத்தமே இல்ல.

அப்புறம் காத்து. இந்த காருக்கு கதவு ஸ்டிக்கர்ல போட்டிருக்கறது 26 பிஎஸ்ஐ. டயர் கடையில எந்த காரா இருந்தாலும் 32, 34 அடிச்சு விட்டுடுவாங்க, கார் ஒரு டன்னுதான்னு அவங்களுக்கு என்ன தெரியும். "இறக்கினதுல இருந்து ரைடு போச்சு"ன்னு புலம்பின ஒருத்தர் காருல 35 இருந்துச்சு, 26க்கு இறக்கினோம், அவ்வளவுதான் வைத்தியம்.

படி 10: ஷாக் கிளிக்

ஒரே ரோடு, ஒரே வேகம், ஒரு நேரத்துல ஒரு மாத்தம். ஷாக்ல இருக்கற திருகை ரொம்ப மென்மையில ஆரம்பிச்சு ரெண்டு ரெண்டு கிளிக்கா ஏத்துங்க. மேட்டுல ஏறி இறங்கினதும் கார் ஒரு தடவைக்கு மேல ஆடினா ரீபவுண்டு பத்தல, கூட்டுங்க. தொடர்ச்சியா சின்ன சின்ன மேடு வர்ற ரோட்டுல போகப் போக இறுகிக்கிட்டே வந்தா ரீபவுண்டு அதிகம், சக்கரம் கீழ இறங்க நேரம் கிடைக்காம கார் தன்னைத்தானே கீழ இழுத்துக்குது, குறைங்க. கூர்மையான பள்ளத்துல மட்டும் "சுள்"னு அடிச்சா முதல்ல டயர் காத்து, அப்புறம் கேபிள் டை, அதுக்கப்புறம்தான் கிளிக்கை தொடுங்க. நான் 16 கிளிக்ல முன்னாடி 5, பின்னாடி 4ல நிக்கிறேன், அதுக்கு மேல இருக்கறது யாருக்குன்னே தெரியல.

பேப்பர் வேலை

இன்ஷூரன்ஸ்காரங்ககிட்ட ஸ்பிரிங், ஷாக் மாத்தினதை சொல்லிடுங்க, மறைச்சா கிளெய்ம் வரும்போது கையை விரிச்சுடுவாங்க, எனக்கு பிரீமியம் பெருசா ஒண்ணும் ஏறல. ஹெட்லைட் ஆங்கிளை மறுபடி செட் பண்ணுங்க, முன்னும் பின்னும் ஒரே அளவு இறங்கலன்னா வெளிச்சம் சாயும், எம்ஓடில அதையும் பாப்பாங்க.

500 மைல் கழிச்சு எல்லா போல்ட்டையும் ஒரு தடவை டார்க் ரெஞ்ச் வச்சு பாத்துட்டு, கேம் போல்ட் வாஷர்ல போட்ட பெயிண்ட் கோடு நகரலயான்னு பாருங்க. ராடுல கட்டின கேபிள் டையை மட்டும் கழட்டிடாதீங்க, என்னுது இன்னும் அங்கதான் இருக்கு, ஒவ்வொரு சர்வீஸுக்கும் கீழ தள்ளி விட்டுட்டு ஒரு ரவுண்டு போயிட்டு வந்து பாப்பேன், போன மாசம் பாத்தப்ப ஸ்டாப்புக்கு இன்னும் 9 மிமீ பாக்கி இருந்துச்சு, பக்கத்து சீட்ல ஆள் வச்சுக்கிட்டு.